கோடு எழுதத் தெரியாமல் சென்னையில் ஒரு ஸ்டார்ட்அப்: எங்கிருந்து தொடங்குவது?

நான் பி.காம். படித்தவள். ஆறு வருடம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். அங்கே வந்துபோன வாடிக்கையாளர்களில் பாத்திரம், நாற்காலி, சாமியானா வாடகைக்கு விடும் கடைக்காரர்கள் சிலர் உண்டு. கல்யாண சீசன் முடிந்ததும் சிட்டைகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எந்த அண்டா எந்த மண்டபத்துக்குப் போனது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், எத்தனை நாற்காலி திரும்பவே இல்லை என்பதெல்லாம் அந்தத் துண்டுச் சீட்டுகளுக்குள்தான் இருக்கும். அவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்யலாம் என்று நான் கிளம்பியபோது எனக்குக் கோடு, அதாவது கணினிக்கான நிரல், ஒரு வரிகூட எழுதத் தெரியாது. இன்றைக்கும் அரைகுறைதான். ஆனாலும் கடைகள் அதில் புக்கிங் எழுதுகின்றன, மாதாமாதம் பணமும் கட்டுகின்றன.

என்னிடம் வழி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நல்ல டெவலப்பர் எங்கே கிடைப்பார்?" என்பதைத்தான். அதற்கு நான்காவது படியில் பதில் சொல்கிறேன். முதல் மூன்று படிகளுக்கு டெவலப்பரே தேவையில்லை. அந்த மூன்றையும் சரியாகச் செய்துவிட்டால் டெவலப்பரிடம் பேச உங்கள் கையில் சரக்கு இருக்கும்.

முதல் படி: தொழிலுக்குள் போய் உட்காருங்கள்

சென்னையில் தொழிலுக்கா பஞ்சம்? கோயம்பேடு காய்கறி மொத்த வியாபாரம், பாரிமுனை பேப்பர் கடைகள், அம்பத்தூர் எஸ்டேட்டின் சின்னச் சின்ன லேத் பட்டறைகள், காசிமேடு மீன் ஏலம், தெருவுக்குத் தெரு கேன் தண்ணீர் ஏஜென்சி. இதில் எந்தக் கடையின் கல்லாப் பக்கம் உங்களை உட்கார விடுவார்களோ, அந்தத் தொழிலை எடுங்கள். அப்பா பட்டறை வைத்திருந்தால் பட்டறை. சித்தி மெஸ் நடத்தினால் மெஸ். உறவோ பழைய வேலையோ திறந்துவிட்ட கதவு இல்லாத தொழிலில் நுழைந்தால், முதல் ஆறு மாதம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

போகும் காலமும் முக்கியம். வாடகைக் கடைக்காரரை தை மாதத்தில் பார்க்கப் போனால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்குக் கொஞ்சம் அண்டா போகும், அவ்வளவுதான். மற்ற நேரம் பாத்திரத்தைத் துலக்கி, ஓட்டை அடைத்து, கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பதினான்கு கடைகளுக்குப் போனது ஓர் ஆடி மாதத்தில்தான். ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு ஆடி இருக்கிறது. அது எப்போது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

"இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களா அண்ணே?" என்று கேட்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "தாராளமா வாங்குவேம்மா, நல்லா பண்ணு" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள். "போன வைகாசியில எத்தனை நாற்காலி திரும்பி வரல அண்ணே? அதுக்கு என்ன பண்ணீங்க?" வில்லிவாக்கத்தில் ஒரு கடைக்காரரிடம் இதைக் கேட்டதும் அவர் எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். தொலைந்த பொருளுக்கென்றே தனி நோட்டு! பக்கம் பக்கமாகக் கரண்டி, தாம்பாளம், ஜமுக்காளம். "இதை யாரு கேட்டாலும் நான் எடுத்தது இல்லம்மா, நீ கேட்ட, எடுத்துட்டேன்" என்றார். அவர் எழுதி வைத்து அவதிப்படும் விஷயம்தான் அவர் காசு கொடுத்துத் தீர்க்க விரும்பும் விஷயம். அந்த நோட்டுதான் என் மென்பொருளின் முதல் திரை ஆனது.

இரண்டாவது படி: கையாலேயே ஓட்டிப் பாருங்கள்

ஒரு கடையை மட்டும் எடுத்து, அவர்கள் வேலையை நீங்களே ஒரு சீசன் செய்யுங்கள். நான் செய்தது இவ்வளவுதான்: ஒரு கூகுள் ஷீட், ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண், மாலையில் ஒரு போன். கடைக்காரர் புக்கிங் வந்ததும் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புவார். நான் ஷீட்டில் ஏற்றுவேன். மறுநாள் எந்த மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு லோடு போக வேண்டும் என்று இரவு எட்டு மணிக்கு அனுப்புவேன். பொருள் திரும்பியதும் லோடுமேன் எண்ணிக்கை சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். இதற்கு மாதம் 500 ரூபாய் வாங்கினேன்.

அந்த 500 ரூபாயை வாங்காமல் விடாதீர்கள். தெரிந்தவர்தானே என்று இலவசமாகச் செய்தால் அவர் திட்டவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளவும் மாட்டீர்கள். காசு கொடுத்தவர் ஒரு நாள் பட்டியல் வராவிட்டால் போன் போட்டுக் கேட்பார். அப்படிக் கேட்டுவிட்டார் என்றால் அவருக்கு அது தேவைப்படுகிறது.

ஷீட் திணறும்போது ஜோஹோ கிரியேட்டர், ஆப்ஷீட் போன்ற கருவிகளுக்கு நகரலாம். கோடு இல்லாமலே படிவம், பட்டியல், நினைவூட்டல் எல்லாம் அமைக்கலாம். இப்போது ஏஐ கருவியிடம் தமிழில் சொன்னாலே திரைகளைச் செய்து தருகிறது. மாதிரி காட்டுவதற்கு அது அருமையான வசதி, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஒருவர் கிடைக்கும்வரை வாடிக்கையாளரின் பணத்தையும் போன் எண்களையும் அதில் ஏற்றாதீர்கள். தகவலைப் பாதுகாக்கத் தவறினால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அபராதத்துக்கு 250 கோடி ரூபாய் வரை உச்சவரம்பு வைத்திருக்கிறது. சின்னக் கடையின் தகவலும் தகவல்தான்.

மூன்றாவது படி: வேலையைத் தமிழில் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் தொழில்நுட்பம் தெரியாத நிறுவனரின் உழைப்பு முழுக்க இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கடையின் ஒரு நாளை காலை முதல் இரவு வரை எழுதுங்கள். யார், எப்போது, எதைப் பார்த்து, என்ன முடிவு எடுக்கிறார்? பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இல்லாவிட்டால்?" என்று கேட்டு எழுதுங்கள். பார்ட்டி கல்யாணத்தைத் தள்ளி வைத்தால்? மண்டபம் மாறினால்? முன்னூறு நாற்காலி போய் இருநூற்றுத் தொண்ணூற்றாறு வந்தால்? குடோனில் சிக்னல் இல்லாவிட்டால்? அண்ணனும் தம்பியும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் இரண்டு பார்ட்டிக்கு ஒத்துக்கொண்டால்?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. "புக்கிங் சிஸ்டம் வேணும்" என்று ஒரு வரியில் சொன்னேன். டெவலப்பர் கெட்டிக்காரர், ஆனால் கல்யாண வீட்டில் அவர் விருந்தாளியாக மட்டும்தான் இருந்திருக்கிறார். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்றால் பொருளுக்கு ஞாயிறு மட்டும் பூட்டு போட்டுவிட்டார். சென்னையில் வரவேற்பு முதல் நாள் மாலையே நடந்துவிடுகிறது. சனிக்கிழமை மதியமே குட்டி யானையில் லோடு ஏறிவிடும். ஞாயிறு சாயங்காலம்தான் இறங்கும். கழுவி அடுக்கித் திரும்ப வாடகைக்குத் தயாராகத் திங்கள் ஆகிவிடும். ஆப் சனிக்கிழமை காலியாக இருப்பதாகக் காட்டியது. கடைக்காரர் அதை நம்பி இன்னொரு பார்ட்டிக்கு ஒத்துக்கொண்டார். அன்று மதியம் பெரம்பூர் முழுக்க அலைந்து மற்ற கடைகளில் இரவல் வாங்கிச் சமாளித்தோம். கோடில் பிழை எதுவும் இல்லை. ஒரு புக்கிங் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தும் நான் எழுதிக் கொடுக்காததுதான் பிழை.

எழுதும்போதே கொஞ்சம் தொழில்நுட்பச் சொற்களும் பிடிபடும். கணக்குப் பேரேடு தெரிந்தவர்களுக்கு டேட்டாபேஸ் அந்நியமே இல்லை. வாடிக்கையாளர் ஒரு பேரேடு, பொருள்கள் ஒரு பேரேடு, புக்கிங் ஒரு பேரேடு. ஒன்றின் பக்க எண்ணை இன்னொன்றில் குறிப்பதுதான் அவற்றுக்கு இடையிலான தொடர்பு. ஏபிஐ என்பது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் கவுன்ட்டர். கிட் என்பது யார் எப்போது எந்த வரியைத் திருத்தினார் என்று அழியாமல் காட்டும் பதிவேடு. இந்த அளவு புரிந்தால் போதும், டெவலப்பர் "ரெண்டு நாள் ஆகும்" என்றாலும் "ரெண்டு மாசம் ஆகும்" என்றாலும் ஏன் என்று கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

நான்காவது படி: கட்டப்போவது யார்?

மூன்று வழி இருக்கிறது: பங்குதாரராக ஒரு கோ-ஃபவுண்டர், சம்பளத்துக்கு ஒரு டெவலப்பர், கான்ட்ராக்டுக்கு ஒரு ஃப்ரீலான்சர் அல்லது நிறுவனம். மென்பொருளே உங்கள் வியாபாரம் என்றால் கோ-ஃபவுண்டர் வேண்டும் என்பதே என் முடிவு. 2010ல் சென்னையில் ஃபிரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியபோது கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சேர்ந்தேதான் தொடங்கினார்கள். தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் ஷான். கிரீஷே பொறியியல் படித்தவர். அவருக்கே துணை தேவைப்பட்டது. அந்த நிறுவனம்தான் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது.

எங்கே தேடுவது? தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் டைடல் பார்க்கிலிருந்து சிறுசேரி வரை ஐடி அலுவலகங்கள். வார இறுதிகளில் டெவலப்பர்கள் கூடும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அங்கே போய் "என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்று தொடங்கினால் கூட்டம் கலைந்துவிடும். "பதினான்கு கடையில் உட்கார்ந்தேன், மூன்று கடை காசு கொடுக்கிறது, இதோ நோட்டு" என்று தொடங்குங்கள். என் கோ-ஃபவுண்டர் அந்தத் தொலைந்த பொருள் நோட்டின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சேர்ந்தவுடன் பங்கைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் மூன்று மாதம் சேர்ந்து ஒரு சின்ன வேலையை முடியுங்கள். பிறகு பங்கு எழுதும்போது வெஸ்டிங் வையுங்கள்; பங்கு ஒரே நாளில் வராமல் காலப்போக்கில் கைக்கு வரும் ஏற்பாடு அது. பரவலாக இருக்கும் வழக்கம் நான்கு வருடம், முதல் வருடம் கிளிஃப். அதாவது ஒருவருக்கு 4,000 பங்கு என்றால், ஒரு வருடம் முடியும் முன் விலகினால் எதுவும் கிடையாது. ஒரு வருடம் முடிந்தால் 1,000. அதன் பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இது இருவருக்கும் பொது. உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நட்பு கெடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறோம்.

கான்ட்ராக்டுக்கு விடுவதானால் வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் உங்கள் போனில் ஓடுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கடைசித் தவணையை வேலை முடிந்து இரண்டு வாரம் கடைக்காரர் பயன்படுத்திப் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். வாரம் ஒரு டெமோ கட்டாயம். டெமோ காட்டாத மூன்றாவது வாரம் என்றால் வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருக்கட்டும்

நான் முதலில் வேலை கொடுத்த நிறுவனம் டொமைனை (இணைய முகவரியை) அவர்கள் பெயரிலேயே வாங்கியது, எழுதிய கோடு முழுவதையும் அவர்கள் கணக்கிலேயே வைத்தது. கணக்கு வழக்கில் ஒரு மனத்தாங்கல் வந்ததும் எல்லாம் நின்றுபோனது. பேசித் தீர்ப்பதற்குள் ஒரு ஆவணி சீசன் போய்விட்டது. அந்த வருடம் என்னை நம்பி நோட்டை மூடி வைத்த கடைக்காரர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஆகவே டொமைன், சர்வர் கணக்கு, கிட்ஹப் (கோடு சேமிக்கும் இணையத்தளம்), பிளே ஸ்டோர் கணக்கு, பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கும் வசதி), எஸ்எம்எஸ் கணக்கு எல்லாமே நிறுவனத்தின் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் திறக்கப்பட வேண்டும். டெவலப்பருக்கு அதற்குள் அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். கோடு தினமும் உங்கள் கிட்ஹப்பில் ஏற வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய கோடு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதினால் அப்படி இல்லை. காசு நீங்கள் கொடுத்திருந்தாலும், எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை உரிமை எழுதியவருக்கே. மாற்றித் தரும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்கு மட்டும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமையும் காலாவதியாகிவிடும். "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்" என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: பதிவு, வரி, பெயர்

காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வருவதற்கு முன் பிரைவேட் லிமிடெட் பதிவு செய்ய ஓடாதீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவள் சொல்கிறேன்: விற்பனையே இல்லாத நிறுவனத்துக்கும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

கோ-ஃபவுண்டர் சேர்ந்து பணமும் வரத் தொடங்கியதும் பதியலாம். குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் வேண்டும். ஒரே ஆட்கள் இரண்டுமாக இருக்கலாம். பதிந்த 30 நாளுக்குள் முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். 180 நாளுக்குள் பங்குப் பணத்தை வங்கியில் கட்டித் தொழில் தொடங்கியதாக அறிவிக்க வேண்டும். சேவைக்கு ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. மென்பொருள் சேவைக்கு வரி 18 விழுக்காடு. கடைக்காரரிடம் விலை சொல்லும்போதே இதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்குக் கட்டணம் இல்லை. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை), பதிவு பெற்ற கூட்டாண்மை நிறுவனம் விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் டிரேட்மார்க் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500.

ஏழாவது படி: பணம்

முதல் பணம் வாடிக்கையாளரிடமிருந்து வரட்டும். அடுத்து அரசின் தொடக்க நிதி. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் உதவி அமைப்பான ஸ்டார்ட்அப்டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை, பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கு 15 லட்சம் வரை கிடைக்கும். பட்டியலின, பழங்குடியின நிறுவனர்களுக்கென்று அரசு முதலீடு செய்யும் தனி நிதியும் இருக்கிறது. விண்ணப்பத்தில் உங்கள் நோட்டையும் வரவுப் பட்டியலையும் வையுங்கள். ஏஞ்சல் முதலீட்டாளரை (தொடக்க நிலையிலேயே சொந்தப் பணம் போடும் தனிநபரை) பார்ப்பது அதற்குப் பிறகுதான். நகை அடகு வைத்து மட்டும் முதல் ஆப்பைக் கட்டாதீர்கள். முதல் ஆப் கட்டாயம் மாறும்.

எட்டாவது படி: வெளியே விடுவது

முதலில் போன் பிரவுசரில் திறக்கும் வெப் ஆப் போதும். பிளே ஸ்டோருக்குப் போகும்போது ஒருமுறைக் கட்டணம் 25 டாலர்; ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறக்கும் பிளே கணக்குக்கு 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட விடுவார்கள். நிறுவனப் பெயரில் திறந்தால் அந்த நிபந்தனை இல்லை, ஆனால் டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான சர்வதேச அடையாள எண்) கேட்பார்கள். ஓடிபி எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் எல்லாம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்பதால் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

சோதனையை ஏசி அறையில் புது போனில் செய்யாதீர்கள். லோடுமேனின் திரை விரிசல் விட்ட போனில், குடோனில், ஈரக் கையோடு செய்ய வேண்டும். நாங்கள் பொருளின் பெயரைத் தமிழில் எழுதியது போதாமல் படமும் வைத்தோம். பிறகுதான் எண்ணிக்கை பிழையில்லாமல் வரத் தொடங்கியது.

இன்னொரு பழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து புது வெர்ஷன் எதையும் விடக் கூடாது. முந்தைய நாள் காலை ஒவ்வொரு கடைக்கும் அன்றைய லோடு பட்டியலை ஒரே தாளாக அச்செடுக்கச் சொல்லுங்கள்: மண்டபம், நேரம், உருப்படி, போன் எண். சர்வர் நின்றாலும் குட்டி யானை கிளம்ப வேண்டும். அன்று இரவு பத்து மணி வரை கடைக்காரர் கூப்பிட்டால் எடுப்பது நீங்களாகவே இருங்கள். நான் இன்னும் எடுக்கிறேன். அடுத்த வாரம் எதை மாற்ற வேண்டும் என்று நோட்டில் எழுதுவது பெரும்பாலும் அந்த அழைப்புகளிலிருந்துதான்.